தன் தலைமேல் தன் கை



“விசுவாசியின் அழைப்பில் ஆவிக்குரிய முதிர்ச்சியும் அதிகாரமும்” என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழைப்பு, முதிர்ச்சி, அதிகாரம் மூன்றும் நம் பிரசங்க மேடைகளில் நாள்தோறும் அடிபட்டுத் தேய்ந்துபோனவை. பொதுப்படப் பேசினால் நீங்கள் ஏற்கெனவே கேட்ட பத்துப் பிரசங்கங்களையே நானும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே ஒரு மனிதரையும் ஓர் ஊரையும் எடுத்துக்கொள்கிறேன். மனிதர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தவர். ஊர் தோர்னக்கல். அன்று நிஜாம் ஆட்சியில் இருந்தது; இன்று தெலங்கானாவில் இருக்கிறது.

தோர்னக்கல் பகுதியில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது அசரியா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் கையை எடுத்துத் தங்கள் தலைமேலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அவர் சொல்லிக் கொடுப்பதை அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்: தாங்கள் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்கள், சுவிசேஷத்தை அறிவிக்காமல் இருந்தால் தங்களுக்கு ஐயோ. அவ்வளவுதான் சடங்கு.

யார் அப்படிச் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். சொந்த நிலம் இல்லாதவர்கள், கூலிக்கும் வெட்டிக்கும் உழைத்தவர்கள், தோல் வேலை செய்தவர்கள். பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. ஊர்ப் பெரியவர் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று பழகியவர்கள். சபைக்குள் வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவர்கள் வாயில் இந்த வாக்கியத்தை வைக்கிறார் ஒரு பேராயர். நம் ஊரில் ஒருவன் தன் தலையில் தானே கை வைத்துக்கொண்டால் ஏதோ குடி முழுகிப்போயிற்று என்று பொருள். அங்கே அது வேறு பொருள் கொண்டது.

அந்த வாக்கியம் வந்த இடம் உங்களுக்குத் தெரியும்: 1 கொரிந்தியர் 9:16. ஆனால் பவுல் அதை எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார் என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அந்த அதிகாரம் முழுவதும் ஒரு வழக்குதான். பவுல் உண்மையான அப்போஸ்தலர்தானா, அவருக்குச் சபையை நடத்த உரிமை உண்டா என்று கொரிந்து சபையில் சிலர் கேட்டிருக்கிறார்கள். பவுல் ஒரு வழக்கறிஞரைப் போலத் தம் உரிமைகளை ஒவ்வொன்றாக நிறுவுகிறார். போர்ச்சேவகன் தன் செலவில் போருக்குப் போவதில்லை, திராட்சைத் தோட்டம் போட்டவன் அதன் கனியைச் சாப்பிடாமல் இருப்பதில்லை, போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக் கூடாது என்று மோசேயின் சட்டமே சொல்கிறது. சபையிடமிருந்து பிழைப்பைப் பெற்றுக்கொள்ளத் தமக்கு முழு உரிமை உண்டு என்று ஐயமற நிறுவிவிட்டு, அடுத்த வரியிலேயே அந்த உரிமையை நான் பயன்படுத்தவில்லை என்கிறார். வழக்கில் ஜெயித்தவர் தீர்ப்புத் தொகையை வாங்காமல் எழுந்து போகிறார். அதன்பின்தான் அந்த ‘ஐயோ’ வருகிறது.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். தமக்கு அதிகாரம் இல்லை என்று பவுல் சொல்லவில்லை. தாழ்மை என்ற பெயரில் நம்மவர்கள் சொல்லும் “நான் ஒன்றுமில்லாதவன், ஏழை ஊழியன்” என்ற பேச்சு அவரிடம் இல்லை. அதிகாரம் உண்டு, அது கர்த்தர் கொடுத்தது, அது கட்டுவதற்காகக் கொடுக்கப்பட்டது, இடிப்பதற்காக அல்ல என்று இரண்டாம் நிருபத்தில் இரண்டு முறை, பத்தாம் அதிகாரத்திலும் பதின்மூன்றாம் அதிகாரத்திலும், சொல்கிறார். எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்தவருக்கு அதை எப்போது எடுக்க வேண்டும், எப்போது உறையிலேயே வைக்க வேண்டும் என்றும் தெரிகிறது. முதிர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

அப்போஸ்தலர் தம் அழைப்பைப் பற்றிச் சொன்ன வார்த்தையைத்தான் அசரியா எடுத்து, நேற்றுவரை கோயில் வாசலையே மிதிக்க முடியாதிருந்த ஒருவரின் வாயில் வைத்தார். குருப்பட்டம் கொடுக்கும்போது பேராயர் கை வைப்பார்; அது திருச்சபையின் பழைய முறை. இங்கே பட்டமில்லாதவர் தம் கையையே தம் தலைமேல் வைக்கிறார். குருத்துவத்தை அசரியா மறுக்கவில்லை. ஆனால் அழைப்பு குருத்துவத்தில் தொடங்குவதில்லை, ஞானஸ்நானத்தில் தொடங்குகிறது என்பதை எழுத்தறியாதவருக்கும் உடம்பால் புரியவைத்தார்.

அவர் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் செய்தார்? எதிர்ப்பக்கத்தில், பொறுப்பைத் தள்ளிப்போடும் இருநூறு ஆண்டுப் பழக்கம் ஒன்று இருந்தது.

மிஷனெரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706. முதல் தமிழ்ச் சீர்திருத்தச் சபைப் போதகர் ஆரோன் குருப்பட்டம் பெற்றது 1733. சத்தியநாதன் பட்டம் பெற்றது 1790. அதற்குள் அவர் பாளையங்கோட்டையில் உபதேசியாராகச் சபையைச் சுமந்து நடத்தியாகிவிட்டது. இன்னும் ஒரு படி மேலே போங்கள். அதே பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள். முதல் பெயர் குளோரிந்தா. மராட்டியப் பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார் என்பதால் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின் 1778இல்தான் கொடுத்தார். அந்த அம்மாள்தான் அங்கே கோயில் கட்டினார். 1785இல் அதைப் பிரதிஷ்டை செய்ய வந்தவர் அதே சுவார்ட்ஸ். இன்றும் ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். பட்டமும் பதவியும் ஒன்றும் இல்லாத ஒரு பெண் சபையை நிறுவிவிட்டார். சபை அவருடைய தகுதியைப் பிறகுதான் கண்டுபிடித்தது.

“இவர்கள் இன்னும் பக்குவப்படவில்லை” என்பதுதான் அந்தக் காலத்து மிஷனெரிகளின் வழக்கமான பதில். கெட்ட எண்ணத்தோடு சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பலர் இந்த மண்ணிலேயே உயிரை விட்டவர்கள். ஆனால் பக்குவம் என்பது எப்போதும் அடுத்த தலைமுறைக்குத் தள்ளிப்போடப்பட்ட ஒன்றாகவே இருந்தது. சீனாவில் மிஷனெரியாக இருந்து திரும்பிய ரோலண்ட் ஆலன் என்ற ஆங்கிலேயக் குரு 1912இல் ஒரு புத்தகம் எழுதினார். பவுலின் ஊழிய முறையையும் தம் காலத்து மிஷன்களின் முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த புத்தகம். லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் பவுல் சபை தொடங்கிவிட்டு, திரும்பி வரும் வழியிலேயே மூப்பர்களை ஏற்படுத்திவிட்டுப் போய்விட்டார். அப்போஸ்தலர் நடபடிகள் பதினான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. நாமோ தலைமுறை தலைமுறையாகச் சபைகளைக் கைக்குழந்தையாகவே வைத்திருக்கிறோம் என்பது ஆலனின் குற்றச்சாட்டு. அந்தப் புத்தகம் வந்த அதே ஆண்டு, 1912 டிசம்பர் 29ஆம் தேதி, கல்கத்தா பரிசுத்த பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அப்போது அவருக்கு வயது 38.

அந்த இடத்துக்கு அவர் எப்படி வந்தார் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் கதையும் அதில் இருக்கிறது. 1902இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தில், தங்கள் ஆட்களைத் தூர இடங்களுக்கு ஊழியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலிச் சபை அவர்களைவிடப் பெரிய சபை. ஆனால் அப்படி ஒரு முயற்சி இல்லை. இது அவரை உறுத்தியது. அடுத்த ஆண்டே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. தோர்னக்கல் பகுதி அதன் முதல் பணித்தளம். 1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோதும் முன்னின்றவர்களில் அவர் ஒருவர். ஒய்.எம்.சி.ஏ.யில் செயலாளராக நாடெங்கும் சுற்றிவந்த நல்ல வேலையை விட்டுவிட்டு 1909இல் குருப்பட்டம் பெற்று, மொழி தெரியாத தோர்னக்கல்லுக்கு மனைவி அன்பு மரியம்மாளோடு குடிபோனார். பிறரைப் போகச் சொன்ன இடத்துக்குத் தானும் போனார் என்பது அவர் பேச்சுக்குக் கனம் கொடுத்தது.

1910 ஜூன் மாதம் எடின்பரோ. உலக மிஷனெரி மாநாடு. ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் பிரதிநிதிகள். ஆசியர்கள் இருபது பேரைத் தாண்டமாட்டார்கள். முப்பத்தைந்து வயது அசரியாவுக்கு ஒரு மாலைக் கூட்டத்தில், அந்நிய ஊழியரும் சுதேச ஊழியரும் ஒத்துழைப்பது பற்றிப் பேச வாய்ப்புக் கொடுத்தார்கள். மேடையில் இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் அவருக்குச் சம்பளம் கொடுத்த, பயிற்சி கொடுத்த, இனிப் பதவி கொடுக்கப்போகிற உலகத்தைச் சேர்ந்தவர்கள். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். அவர் என்ன பேசினார்? இந்திய ஊழியரை மிஷனெரி தம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அழைப்பதில்லை என்பது போன்ற வீட்டு விஷயங்களைப் பேசினார். முதலாளி வேலைக்காரன் உறவு இருக்கும்வரை ஒத்துழைப்பு என்ற பேச்சுக்கு இடமில்லை என்றார். கடைசியில் 1 கொரிந்தியர் 13ஐ எடுத்துக்கொண்டார். ஏழைகளுக்கு உடைமையைக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்ற பொருளில் முடித்தார். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

இந்தப் பேச்சைத் தைரியத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட வேறொன்று பெரிதாகப் படுகிறது. அவர் கேட்டது பதவியை அல்ல. பங்கு கேட்கவில்லை, பட்ஜெட் கேட்கவில்லை. சமமாக உட்காரும் நட்பைக் கேட்டார். காயப்பட்டவர் பேசுகிற பேச்சு, ஆனால் காயம் பேசவில்லை. எதிரே இருப்பவர்களின் தியாகத்தை முழுதாக ஒப்புக்கொண்ட பிறகே அவர்களுடைய குறையைச் சொன்னார். முதிர்ந்த மனிதரின் கண்டிப்பு இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் சபைக் கூட்டங்களில் ஒருவர் எழுந்து பேசத் தொடங்கியதும் எந்தக் கட்சிக்காரர் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது அல்லவா? எடின்பரோவில் அவர் எந்தக் கட்சிக்காரர் என்று சொல்ல முடியாது.

அவரைப் பேராயராக நியமிப்பதற்கு எதிர்ப்பு வந்தது. ஓர் இந்தியரின் கீழ் ஆங்கிலேயக் குருமார் பணிசெய்வதா என்று மிஷனெரிகள் சிலர் கேட்டார்கள். இது நாம் விரும்பிச் சொல்லும் பகுதி. விரும்பாத பகுதியையும் சொல்லிவிடுகிறேன்: எதிர்ப்பு திருநெல்வேலியிலிருந்தும் வந்தது, நம் சொந்தச் சபையாரிடமிருந்தே வந்தது. சாதி அதில் இருந்தது. திருநெல்வேலி கொடுக்காத இடத்தைத் தோர்னக்கல் கொடுத்தது. நம் ஊர்க்காரர் என்று இன்று படம் மாட்டிவைக்கிறோம். அன்று நாம் என்ன செய்தோம் என்பதையும் படத்துக்குக் கீழே எழுதிவைத்தால் நல்லது.

பதவியை அவர் கூச்சத்தோடு ஏற்கவில்லை. புகைப்படங்களில் அங்கியும் மார்புச் சிலுவையுமாகத்தான் இருக்கிறார். 1920இல் கிருஷ்ணா பகுதியும் சேர்ந்து திருமண்டலம் விரிந்தபோது ஐரோப்பிய மிஷனெரிகளும் அவர் ஆளுகைக்குள் வந்தார்கள். ஆண்டார். ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார். ஆனால் அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் அதிகாரம் எந்தப் பக்கம் ஓடியது என்று பாருங்கள். விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த இந்தியக் குருமார் நூற்றுக்கும் மேலானார்கள். ஊர் ஊராகக் கிராம ஆசிரியர்களும் அவர்கள் மனைவியரும் சபையைத் தாங்கினார்கள். ஆண்டுக்கொரு சாட்சி வாரம் வைத்து, சபையாரே அண்டை ஊர்களுக்குப் போய்ப் பேசினார்கள். ஒருவரோடொருவர் சேர்ந்து உண்ணாத மாலாவும் மாதிகாவும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுத்தார்கள்; அந்த மண்ணில் அது சாதாரணச் செயல் அல்ல.

கொடுத்தல் பற்றிய அவருடைய அக்கறையும் இதோடு சேர்ந்ததுதான். கிறிஸ்தவ ஈகை பற்றி 1939இல் அவர் எழுதிய சிறு புத்தகம் பல மொழிகளுக்குப் போனது. ஏழைச் சபையிடம் காணிக்கை கேட்பது கொடுமை என்று நினைத்தவர்கள் உண்டு. அவர் அப்படி நினைக்கவில்லை. வாங்குகிறவராகவே வைத்திருப்பதுதான் கொடுமை என்று நினைத்தார். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போடும் தாயின் கையைத் திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிடி அரிசியால்தான் பல ஊர்களில் உபதேசியாருக்குச் சாப்பாடு நடந்தது. தன் பிடி அரிசி போட்ட பெண்ணுக்கு, “கணக்கைக் காட்டுங்கள்” என்று கேட்கவும் உரிமை வந்துவிடுகிறது. வெளிநாட்டுப் பணத்தில் நடந்த சபையில் அந்தக் கேள்வியை யார் கேட்க முடியும்?

எபிரெயர் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் பாலையும் பலமான ஆகாரத்தையும் பற்றிய பகுதி இருக்கிறது. முதிர்ந்தவர்கள் யார் என்றால், பழகிப் பழகி நன்மை தீமையைப் பகுத்தறியப் பயின்ற புலன்களை உடையவர்கள் என்கிறது. பழக்கத்தினால் வருகிறது முதிர்ச்சி. அப்படியானால் வேலை கொடுக்காமல் முதிர்ச்சி எங்கிருந்து வரும்? பக்குவம் வந்ததும் பொறுப்பைத் தருகிறேன் என்பவர், தண்ணீரில் இறங்காமல் நீச்சல் பழகிவிட்டு வா என்கிறார்.

எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இந்தத் தலைமுறை அதிகம் விழுவது அதில்தான். வரமும் வல்லமையும் இருந்தால் முதிர்ச்சி இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். கொரிந்து சபைக்கு எந்த வரத்திலும் குறைவில்லை என்று முதல் அதிகாரத்தில் சொன்ன பவுல், மூன்றாம் அதிகாரத்தில் அவர்களையே குழந்தைகள் என்கிறார். காரணமாக அவர் காட்டுவது பொறாமையும் கட்சியும். கூட்டம் எவ்வளவு கூடுகிறது, எத்தனை பேர் கீழே விழுகிறார்கள் என்பதெல்லாம் அவருடைய அளவுகோலில் இல்லை.

இன்று யாராவது ஓர் ஊழியரிடம் கணக்குக் கேட்டால் உடனே வரும் பதில், அபிஷேகம் பெற்றவர்மேல் கை வைக்கக் கூடாது என்பது. அந்த வசனத்தை அதன் இடத்தில் வைத்துப் படியுங்கள். 105ஆம் சங்கீதத்தில் அது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு பற்றியது. நிலமில்லாமல், சிறு கூட்டமாக, ஊர் விட்டு ஊர் அலைந்தவர்கள். அவர்களை ஒன்றும் செய்யாதே என்று கர்த்தர் ராஜாக்களை எச்சரித்த இடம் அது. பலவீனருக்குக் காவலாகச் சொன்னதைப் பலமுள்ளவர்கள் தங்களுக்குக் காவலாக எடுத்துக்கொண்டார்கள். சவுல் கதையிலும் அப்படித்தான். குகையில் அந்த வார்த்தையைச் சொன்னது தாவீது, தன் கையைத் தானே தடுத்துக்கொள்ளச் சொன்னான். சவுல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னதல்ல. அதோடு தாவீது வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. குகைக்கு வெளியே வந்து நின்று, எல்லோரும் கேட்க, ராஜாவை அழைத்து நியாயம் கேட்டான். பின்னாளில் தாவீதே அபிஷேகம் பெற்ற ராஜாவாக இருந்தபோது நாத்தான் வந்து விரல் நீட்டினார். அபிஷேகம் பெற்றவரைக் கேட்கக் கூடாது என்ற சட்டம் நாத்தானுக்குத் தெரியவில்லை போலும்.

பேராயர் தேர்தல், கமிட்டித் தேர்தல், வழக்கு, தடையாணை என்று நம் திருமண்டலங்களில் நடப்பவை பற்றி நான் விரித்துப் பேசப்போவதில்லை. செய்தித்தாள் படிக்கிறவர்கள் நீங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அங்கே சண்டை எப்போதும் பொறுப்புக்கு வருவது பற்றித்தான்; பொறுப்பிலிருந்து இறங்கும்போது யாரை வளர்த்துவிட்டு இறங்கினோம் என்பது பற்றி ஒரு வழக்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

அசரியாவிடம் திரும்புகிறேன். 1919 மே மாதம் தரங்கம்பாடியில், ஆரோன் பட்டம் பெற்ற அதே ஊரில், பெரும்பாலும் இந்தியப் போதகர்களே கூடித் திருச்சபை ஒருமைப்பாட்டுக்கான அறிக்கையை வெளியிட்டார்கள். அசரியா முன்னணியில் இருந்தார். பேச்சு கால் நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. அவர் 1945 ஜனவரி முதல் தேதி தோர்னக்கல்லில் இறந்தார்; தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27. பலனைப் பார்க்கவில்லை. சாகும்வரை ஆங்கிலிக்கன் சபையில் தனித் திருமண்டலத்தை ஆண்ட ஒரே இந்தியப் பேராயர் அவராகவே இருந்தார் என்பது அவருக்குப் பெருமை, அந்தச் சபைக்கு இழுக்கு. ஆந்திரத்தின் நந்தியால் திருமண்டலத்தில் 2013இல் ஒரு பெண், புஷ்பலலிதா அம்மையார், தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயரானார். தோர்னக்கல் கிராமங்களில் கணவருக்கு இணையாகப் பாடுபட்ட அன்பு மரியம்மாளின் காலத்தில் இதை யாரும் கற்பனை செய்திருக்கமாட்டார்கள்.

இங்கே சேகரகுருக்களும் கமிட்டி அங்கத்தினர்களும் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சேகரத்தில் இந்த ஆண்டும் திடப்படுத்தல் ஆராதனை நடக்கும். வெள்ளை உடுத்திய பிள்ளைகள், புகைப்படம், விருந்து, ஒரு வேதப்புத்தகம் பரிசு. அடுத்த ஞாயிறு முதல் அந்தப் பிள்ளைகளுக்குச் சபையில் என்ன வேலை என்று கேட்டால் பெரும்பாலும் நாற்காலி அடுக்குவதுதான். இந்த ஆண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: ஒரு தெருவின் வீடுகள், ஒரு முதியவர், ஒரு ஞாயிறு பள்ளி வகுப்பு, காணிக்கைக் கணக்கில் ஒரு பக்கம். கொடுத்துவிட்டு, அவர்கள் தவறு செய்தால் திருத்துங்கள், திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள்.